கூரையில்லாத நந்தி: டயோரமாவுக்கான சின்னக் கற்சிலைக்கு வண்ணமும் வயதும்

சாம்பல் நிறம் அடித்துவிட்டால் பொம்மை கல்லாகிவிடாது. மழை எந்த வழியாக வழிந்தது, வெயில் எங்கே காய்ந்தது, மனிதர் கை எங்கே பட்டது என்ற மூன்றும் சிலையின் மேல் தெரிய வேண்டும். தூரிகையைத் தொடும் முன்பே உங்கள் சிலை எங்கே இருந்தது என்று முடிவு செய்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

டயோரமா என்னும் சின்னக் காட்சி மாதிரியில் வைக்க, இங்கே நான் எடுத்துக்கொள்வது 1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கில், ஒரு நந்தி. புதுச்சேரிப் பகுதியின் பாகூர் ஏரிக்கரைப் பக்கம், வேப்பமரத்தடியில், மேலே கூரையில்லாமல் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சிலைக்கு நந்திதான் நல்லது. முகபாவம் கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லை. முதுகு அகலமாக இருப்பதால் நிறம் எப்படி மாறுகிறது என்று நன்றாகப் பழகலாம். 4 செ.மீ. நீளப் பொம்மை என்றால் நிஜத்தில் 1.4 மீட்டர் நந்தி.

முதலில் கல்லைப் போய்ப் பாருங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. காலை வெயில் சாய்வாக விழும்போது அவற்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கல்வேலை. அதன் அடித்தளத்துச் சிற்பங்களையும் சுவர்களையும் சுற்றி வந்து பாருங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது சிற்பத்தோடு நிறுத்திவிடாமல், விளிம்புக்குக் கீழே நீர் வழிந்த தடத்தையும் எடுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறவர்கள் சிலையை வெளிர் சாம்பலாக்கி, மேலே பச்சைப் பாசியை அப்பிவிடுகிறார்கள். அது குளிர்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லின் தோற்றம். நம் கருங்கல்லில் புதிதாக உடைத்த முகம் நீலம் கலந்த கருமையாக இருக்கும்; வெயிலில் கிடக்கக் கிடக்கப் பழுப்பேறும். மழைக்காலத்தில் பச்சையாக இருக்கும் பாசி சித்திரை வெயிலில் காய்ந்து கறுத்துவிடும். ஆகவே நமக்கு வேண்டிய நிறங்கள் கறுப்பும் பழுப்பும்தான். பச்சை ஓரிரு இடத்தில் போதும்.

தயாரிப்பு

ரெசின் (அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் போன்ற பொருள்) சிலையானால் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் உரிந்து வரும். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மையையும் பயன்படுத்தலாம். ஆனால் சுடுமண் ஈரத்தை உறிஞ்சும்; அதனால் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைத் தண்ணீர் விட்டு இளக்கி முதல் பூச்சாகக் கொடுத்து, காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

ஸ்பிரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு; ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஈரக்காற்றில் அடித்த ஸ்பிரே, அதுவும் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேற்பூச்சு), வெள்ளைப் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். மழை மாதங்களில் தூரிகையால் பூசுங்கள். மற்ற நாட்களில் வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

அடிநிறமும் கல்லின் பொரியும்

அக்ரிலிக் கறுப்பில் பர்ன்ட் அம்பரும் (அடர் செம்பழுப்பு) கொஞ்சம் வெள்ளையும் கலந்து, அடர்ந்த பழுப்புச் சாம்பலாக முழுவதும் பூசுங்கள். வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சிமெண்ட் நிறம்தான் வரும்.

காய்ந்ததும், பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, சற்று வெளிர்ந்த சாம்பலைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, சிலை மேல் லேசாக ஒற்றுங்கள். பிறகு பழுப்பு, பிறகு நீலச் சாம்பல். மூன்று நிறமும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருக்கட்டும். புதியவர்கள் பலரும் இங்கேதான் அளவு மீறிவிடுகிறார்கள். கருங்கல்லில் 3.5 மி.மீ. பொரி, அதாவது கல்லில் தெரியும் புள்ளி, 1:35 அளவில் 0.1 மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தால் பார்ப்பவருக்கு அது சின்னப் பொம்மை என்பது உடனே விளங்கிவிடும். நிறம் ஒரே சீராக இல்லை என்ற உணர்வு மட்டும் வந்தால் போதும்.

பள்ளங்களில் நிழல்

ஒரு நாள் காயவிடுங்கள். ஆயில் பெயின்ட்டில் ரா அம்பரும் (மங்கிய கரும்பழுப்பு) கறுப்பும் துளியளவு எடுத்து, டர்பன்டைனில் கரைத்து, டிகாக்‌ஷனைப்போல் நீர்க்க ஆக்கிக்கொள்ளுங்கள். மணிமாலை, கழுத்து மடிப்பு, காதின் பின்புறம் எனப் பள்ளமான இடங்களில் தூரிகை நுனியால் தொட்டால் அதுவே ஓடிப் பரவும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

தொடக்கக்காரர்களுக்கு நான் ஆயில் பெயின்ட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடியில் காய்ந்திருக்கும் அக்ரிலிக்கை டர்பன்டைன் எளிதில் கரைக்காது. அதிகமாகிவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சியை டர்பன்டைனில் லேசாக நனைத்து மெல்லத் துடைத்துவிடலாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது.

அடுத்து உலர் தூரிகை. பழைய தட்டைத் தூரிகையில் வெளிர் சாம்பலை எடுத்து, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, திமில், கொம்பு, மூக்கு நுனி, மணிகளின் மேடு இவற்றின் மேல் தடவுங்கள். மேடுகள் மட்டும் எழுந்து வரும்.

மழை நடந்த வழி

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். இதில் அவசரப்படாதீர்கள்.

ஒரு சொட்டுத் தண்ணீரைச் சிலையின் திமிலில் விட்டு, அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். முதுகின் பள்ளத்தில் தேங்கி, விலாவில் வழிந்து, வயிற்றின் கீழ் விளிம்பில் சொட்டும். நிஜ மழையும் ஏறக்குறைய அப்படித்தான் போயிருக்கும். துடைத்துக் காயவைத்தபின், அதே தடத்தில் கறுப்பு ஆயில் பெயின்ட்டை மெல்லிய கோடாக மேலிருந்து கீழே இழுத்து, டர்பன்டைன் தொட்ட தூரிகையால் ஓரங்களைக் கலைத்துவிடுங்கள். மேலே அடர்த்தி, கீழே போகப் போக மங்கல். எல்லாக் கோடும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது. மழை படாத தாடையின் அடியிலும் வயிற்றின் அடியிலும் கோடு வேண்டாம். அங்கே வெளிர்ந்த தூசி நிறம் போதும்.

முதுகின் மேலும் திமிலின் மேலும் கற்பாசித் திட்டுகள் (கல்மேல் ஒட்டி வளரும் வெளிர் லைக்கன்) வைக்கலாம். வெள்ளையில் சாம்பலும் துளி பச்சையும் கலந்து, பஞ்சுத் துணுக்கின் நுனியால் ஒழுங்கற்ற வட்டங்களாக ஒற்றுங்கள். ஒரு இடத்தில் நெருக்கமாக, இன்னோரிடத்தில் ஒன்றுகூட இல்லாமல். மஞ்சள் ஆரஞ்சு ஒரே ஒரு திட்டு இருந்தால் அழகு.

பூசை உண்டா, இல்லையா?

யாராவது விளக்கேற்றும் நந்தி என்றால் கதையே வேறு. எண்ணெய் ஏறிய கல் கன்னங்கரேல் என்று மினுங்கும். அங்கே கற்பாசி வைத்தால் பொருந்தாது. கறுப்பை ஒரு படி கூட்டி, நெற்றியில் குங்குமம் ஒரு புள்ளி, மடிப்புகளில் விபூதி வெண்மை கொடுங்கள். கடைசியில் தலை, கொம்பு, முதுகு ஆகிய கைபடும் இடங்களுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ். வயலோரத்தில் தனியாகக் கிடக்கும் நந்திக்கு முழுக்க மேட் வார்னிஷ். இந்த இரண்டு தோற்றங்களையும் ஒரே சிலையில் கலக்காதீர்கள்.

தரையில் உட்காரவைத்தல்

ஆயில் பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின்தான் வார்னிஷ். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். சிலையைத் தரையின் மேல் அப்படியே ஒட்டாமல், 1 அல்லது 2 மி.மீ. பள்ளம் தோண்டி அதில் இறக்கி ஒட்டுங்கள். பழைய கல் மண்ணில் புதைந்துதான் இருக்கும். சுற்றிலும் சலித்த மண்ணைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்து இடைவெளியை மூடுங்கள். அது காய்ந்ததும் அதே மண் நிறத்தை அக்ரிலிக்கில் கலந்து, பீடத்தின் கீழ் விளிம்பில் அரை செ.மீ. உயரத்துக்கு மழைத்துளி தெறித்த சேறாகத் தட்டிவிடுங்கள். உங்கள் டயோரமா தரை செம்மண்ணானால் இந்தச் சேறும் செம்மண்ணாகவே இருக்க வேண்டும். வண்டல் வயலானால் கரும்பழுப்பு.