மட்டக்களப்பு வெயிலுக்குள்ள ஏரிக்கரை ஐஸ் செய்வம் வாங்க

கனடாவில இருக்கிற சொந்தக்காரர் குளிர்காலத்தில குடும்பமா ஒன்டாரியோ ஏரிக்கரையில நடக்கப் போய் வீடியோ அனுப்புவாங்க, பார்த்திருப்பீங்க, கரையில நிக்கிற பத்தையெல்லாம் கண்ணாடி உறை போட்ட மாதிரி நிக்கும். அது மழையில வந்ததில்ல. காத்துக்கு அலை மோதித் தெறிக்கிற தண்ணி, பூச்சியத்துக்குக் கீழ குளிர்ந்து நிக்கிற குச்சியில பட்டு மெல்லிசா உறையும், அதுக்கு மேல அடுத்த தெறிப்பு, அப்பிடியே படை படையா ஏறும். பிள்ளையளுக்கு இத வீட்டு பிரிஜ்ஜிலயே செய்து காட்டலாம்.

முதல்ல நாலஞ்சு தென்னோலை ஈர்க்கை முறிச்சு பிரீசருக்குள்ள போடுங்க. ஒரு கோப்பை தண்ணிய கீழ்த்தட்டில வச்சு நல்லாக் குளிர விடுங்க, இதுல அவசரப்படவே வேணாம், தண்ணி குளிராட்டி முதல் பிடிச்ச படையும் கரைஞ்சிரும். மறுகா ஈர்க்கைத் தோய்ச்செடுத்து ஒரு டப்பா வாய்க்குக் குறுக்கால வச்சு டக்கெண்டு பிரீசருக்குள்ள தள்ளுங்க. கால் மணித்தியாலம் போக திரும்பத் தோய்ங்க. அஞ்சாறு தரம் செய்யக்க ஈர்க்கு தடிச்சு, அடியில சொட்டு தொங்கினபடியே உறைஞ்சு நிக்கும், அந்தச் சொட்டுத்தான் எனக்கு ஆகப் பிடிச்சது.

அடுத்தது ஏரி. சின்ன ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒண்டுல தண்ணி விட்டு, மூடாம பிரீசர்ல வைங்க. பக்கத்தாலயும் அடியாலயும் குளிர் லேசில ஏறாது, மேலாலதான் இறங்கும். ஏரியும் மேலதான் முதல்ல உறையும், ஏனெண்டா தண்ணி 4 பாகையிலதான் ஆகப் பாரம், அது அடிக்குப் போக, அதவிடக் குளிர்ந்தது மேல நிண்டு உறையுது, மீன் கீழ உயிரோட கிடக்கும். முழுக்க உறைய முதல் பெட்டியக் கவிழ்த்துப் பாருங்க, மேல தெளிஞ்ச கட்டி, கீழ இன்னும் தண்ணி. உறையக்க காத்துக் குமிழ் கீழ தள்ளுப்பட்டுப் போறதாலதான் அந்தத் தெளிவு.

விருப்பமெண்டா கடல் கலக்கிற நம்மட வாவியின்ட உப்புத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க. உப்புத் தண்ணி பிந்தித்தான் உறையும், கடல்தண்ணிக்கு மைனஸ் 1.8 பாகைக்குக் கிட்டப் போகணும், உறைஞ்சாலும் விரலால அமத்தினா மெத்தெண்டு இருக்கும். மாரியில வாவிக்குள்ள மழைவெள்ளம் ஏறிக் கிடக்கிறதால வித்தியாசம் அவ்வளவாத் தெரியாது, கோடையில செய்ங்க.

கண்ணாடிப் போத்தல்ல மட்டும் தண்ணி நிரப்பி மூடி வச்சிராதீங்க, உறையக்க 9 வீதமளவு வீங்கும், போத்தல் வெடிச்சிரும்.