ரசிகர் குழுவில் மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுப்பது எப்படி? புது அட்மினுக்கு ஒரு செய்முறை

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். தோட்டத்து லயங்களில் பிறந்த பலர் இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இளையவர்கள் கிள்ளான், ஷா ஆலாம் என்று வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் சிலாங்கூர் காற்பந்து ஆட்டம் என்றால் அத்தனை பேரும் ஒரே புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்து சேர்ந்துவிடுவோம். அந்தக் குழுவை நடத்தும் இருவரில் நான் ஒருவன்.

போன மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் புதிதாக ரசிகர் குழு தொடங்கினார். "அண்ணே, முதல் வாரமே சண்டை. யாரும் எழுத முடியாதபடி பூட்டி வெச்சிட்டேன். சரிதானே?" என்று கேட்டார். சரியில்லை, தம்பி. நானும் அதைத்தான் செய்தேன், அதனால் எங்கள் குழு கிட்டத்தட்டச் செத்துப்போனது. அவருக்குப் போனில் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்கு அடி விழுந்தது 2024 மே மாதம். சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது அமிலம் வீசப்பட்ட வாரம் அது. சில நாளில் ஜொகூர் அணியான ஜேடிடியுடன், பருவத்தைத் தொடங்கிவைக்கும் சாரிட்டி ஷீல்ட் ஆட்டம். தள்ளிவையுங்கள் என்று சிலாங்கூர் கேட்டது, லீக் நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. சிலாங்கூர் ஆட வரவில்லை, ஜேடிடிக்கு 3-0 என்று வெற்றி கொடுத்தார்கள். எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. ஆடாததுதான் மரியாதை என்றார்கள் சிலர். ஃபைசாலுக்காகவே ஆடி ஜெயித்திருக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டுமே அந்த அணி மீதுள்ள பாசத்தில் வந்த பேச்சு. இரவு பத்தரை மணிக்கு அது அணியை விட்டு ஆளுக்குத் தாவியது. "மூணாம் டிவிஷன்காரனுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்" என்று, எதிர்த்துப் பேசியவர் வளர்ந்த தோட்டப் பிரிவைக் குத்திக்காட்டி, லோரி ஓட்டும் மாமா ஒருவர் எழுதினார். ஷா ஆலாமில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அவருடைய அப்பாவை இழுத்துப் பதில் போட்டார். நான் குழுவைப் பூட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் பிரசாத வரிசையில் அந்த மாமா நின்றுகொண்டிருந்தார். தம்பி வந்தார், பார்த்தார், வெறுங்கையோடு திரும்பி நடந்தார். பெரிய நகரத்தில் இணையத்துச் சண்டை இணையத்தோடு முடிந்துவிடலாம். தோட்டத்து ஊரில் அது மறுநாள் காலை மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும்.

குழுவைத் திறந்த பிறகும் யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டு மாதம் காலை வணக்கப் படங்களும், கோல் விழுந்தால் கைதட்டும் பொம்மைகளும் (இமோஜி)தான். எனக்கு அது நிம்மதியாக இல்லை. பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினோம்.

முதல் படி: அனுமதியை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான குழுக்களின் விதிகள் "கூடாது" என்றுதான் தொடங்கும். அதைப் படிப்பவருக்கு, வாயைத் திறந்தாலே தப்பு என்று தோன்றும். நாங்கள் குழுவின் மேலே பின் (pin) செய்து வைத்திருக்கும் செய்தி இது:

"இங்கே அட்மின் சொல்வதையும் மறுக்கலாம். ஆட்டம், ஆட்டக்காரர், பயிற்றுநர், நிர்வாகம் எதைப் பற்றியும் காரணத்தோடு பேசலாம். குழுவில் இருப்பவரின் குடும்பம், சாதி, தோட்டம், வேலை, படிப்பு எதையும் இழுக்கக் கூடாது. வயது எதுவானாலும் எல்லோருக்கும் 'நீங்க'."

இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அதிகம் 30 நாள் பின் செய்து வைக்கலாம். மாதம் பிறந்ததும் மறக்காமல் மறுபடி போடுங்கள்.

ஒரு எல்லையை மட்டும் புதியவர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். இனம், மதம், ஆட்சியாளர் என்ற மூன்றையும் நம் நாட்டில் 3ஆர் (race, religion, royalty) என்பார்கள். ஜேடிடிக்கு ஜொகூர் அரச குடும்பத்தோடும் சிலாங்கூர் அணிக்குச் சிலாங்கூர் அரச குடும்பத்தோடும் தொடர்பு உண்டு. அதனால் "நிர்வாகம் செய்தது தப்பு" என்று தொடங்கும் பேச்சு, கோபத்தில் இரண்டே வரியில் அரண்மனைக்குப் போய்விடும். இணையத்தில் புண்படுத்தும் பதிவைக் குற்றமாக்கும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவுக்கு 2025இல் வந்த திருத்தம் அபராத வரம்பை 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 லட்சம் வெள்ளிக்கு ஏற்றியது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கோல் ஆத்திரத்துக்காக யார் வீட்டுப் பிள்ளையும் காவல் நிலையத்துக்கு அலையக் கூடாது.

இரண்டாம் படி: ஆறிப்போன கேள்வியில் பழகுங்கள்

நேற்று தோற்ற ஆட்டத்தை வைத்து மரியாதையாக வாதம் செய்யப் பழக முடியாது, சூடு அதிகம். பழைய கேள்வி ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது 1980. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா தகுதி பெற்றது. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த காலம் அது. ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் ஆட்டக்காரர்கள் போகவே இல்லை.

"போகாதது சரியா?" என்று கேட்டேன். மூன்று நாள் ஓடியது! வாயே திறக்காத பெரியவர்கள் குரல் பதிவு அனுப்பினார்கள். ஒருவர், அந்த இரவு தோட்டத்தில் ஒரு வீட்டு வானொலியைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஆட்டக்காரனின் வாழ்நாள் கனவை அரசியலுக்குக் கொடுக்கக் கூடாது என்றார் அவர். நாடு என்று ஒன்று நிலை எடுத்தால் விலை கொடுக்கத்தான் வேண்டும் என்று 22 வயதுப் பையன் பதில் சொன்னான். யாருக்கும் காயமில்லை. மறுத்துப் பேசினால் உறவு போகாது என்பதை அந்த மூன்று நாளில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: மறுப்பதற்கு வார்த்தை கொடுங்கள்

நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். நம் வீடுகளில் பெரியவர் சொன்னதை மறுத்தால் "எதிர்த்துப் பேசுறான்" என்பார்கள். அதனால் இளையவர்களுக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, மனதுக்குள் வேறு நினைத்துக்கொண்டு "ஆமாண்ணே" என்று போட்டுவிடுவது. இல்லையென்றால், அடக்கி அடக்கி ஒருநாள் வெடிப்பது. நடுவில் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கான வாக்கியங்களை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்மின்தான் பேசிக் காட்ட வேண்டும்.

"நீங்க சொல்றது தப்பு" என்பதற்குப் பதிலாக, "அண்ணே, நீங்க பார்த்தது புரியுது, எனக்கு வேற மாதிரி பட்டுச்சு" என்று எழுதுங்கள். "பந்து பார்த்திருக்கீங்களா?" என்பதற்குப் பதிலாக, "எந்த நிமிஷத்துல அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். எதுவும் தோன்றாவிட்டால் "ஏன்னு சொல்லுங்க" போதும். இந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் பலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குத்த வந்தவர் காரணம் தேட உட்கார்ந்துவிடுவார்.

'நீங்க' விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும், ஒரே லயத்தில் வளர்ந்த மச்சானாக இருந்தாலும், குழுவுக்குள் 'நீங்க'. "டேய், நீ வா போன்னு பேசித்தான் பழக்கம்" என்று சிலர் சிரிப்பார்கள். நேரில் அப்படியே பேசட்டும். எழுத்தில் முகம் தெரியாது, குரல் கேட்காது. அங்கே ஒரு 'டா' எழுதினவருக்கு விளையாட்டு, படிப்பவருக்கு அடி.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. யாராவது தங்களை நன்றாக மறுத்தால் "அதுவும் சரிதான் தம்பி" என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டு பெரியவர்களிடம் நேரில் போய், தே தாரேக் வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் படி: தெரிந்ததையும் நினைப்பதையும் பிரியுங்கள்

2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றபோது குழு திருவிழாவாக இருந்தது. செப்டம்பரில், குடியுரிமை பெற்று ஆடிய 7 பேரின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா தண்டனை அறிவித்தது. அன்றைக்கு வந்த வதந்திகளுக்கு அளவில்லை. நாங்கள் ஒன்றே ஒன்று கேட்டோம்: செய்தியாக இருந்தால் எங்கே படித்தீர்கள் என்று சொல்லுங்கள், உங்கள் எண்ணமாக இருந்தால் "என் கருத்து" என்று தொடங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கியது.

ஐந்தாம் படி: சூடு ஏறும்போது

ஒருவர் எல்லை தாண்டி எழுதிவிட்டார் என்று வையுங்கள். அட்மினால் எந்தச் செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். உடனே அதைச் செய்யாதீர்கள். அழித்த மறுநிமிடம் "என்ன எழுதினாராம்?" என்று ஊரே கேட்கும், படம் பிடித்து வைத்தவர் பரப்புவார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் எழுதியவரே திருத்தலாம். எனவே முதலில் தனியாகப் போன் போடுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள். "மாமா, ஆட்டத்தைப் பத்தி நீங்க சொன்னது இருக்கட்டும், அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அவரே எடுத்தால் அவர் மானம் அவர் கையில் இருக்கும். எடுக்காவிட்டால் நீங்கள் அழியுங்கள், எதற்காக அழித்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

அப்படியும் அடங்கவில்லையா? பூட்டுங்கள், ஆனால் நேரம் சொல்லிப் பூட்டுங்கள்: "10.45க்குத் திறக்கிறேன்." சொன்ன நேரத்துக்குத் திறங்கள். திறக்கும்போது இரு தரப்பும் சொன்னதை உங்கள் வார்த்தையில் நியாயமாகச் சுருக்கிப் போட்டு, "சரியாச் சொன்னேனா?" என்று இருவரையும் கேளுங்கள். தன் பேச்சு ஒழுங்காகக் கேட்கப்பட்டது என்று தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். 2024இல் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தத் தம்பி பிரசாதம் வாங்காமல் திரும்பியிருக்க மாட்டார்.

வாக்கெடுப்பு வைத்துத் தீர்க்கலாமே என்பார்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் சாதாரணமாக யார் எதற்குப் போட்டார் என்பது தெரியும், கூச்சப்படுபவர் பெரும்பான்மை பக்கம் சாய்வார். பெயர் தெரியாமல் கேட்க வேண்டுமென்றால் டெலிகிராமில் வையுங்கள்.

ஆறாம் படி: சொல்லாமல் போனவரைக் கேளுங்கள்

அந்த மே மாதத்தில் தங்கச்சி ஒருவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போனார். மருத்துவமனையில் தாதி. இரவு வேலை முடித்து வந்தும் ஆட்டத்தைப் பற்றி நாலு பத்தி எழுதுவார். சண்டை பிடிக்காமல் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் கழித்து போன் போட்டுக் கேட்டேன்.

"சண்டைக்காகப் போகலண்ணே. தற்காப்பு ஏன் இவ்ளோ மேல ஏறி நிக்குதுன்னு கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு ஒருத்தர் போட்டார். நீங்க அதுக்கு சிரிக்கிற பொம்மை போட்டீங்க."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், போனில் ஒரு முறை, குழுவில் எல்லோர் முன்பும் ஒரு முறை. அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஆட்டம் முடிந்ததும் என் கருத்தை நான் முதலில் சொல்வதில்லை, யாருடைய செய்திக்கும் பொம்மை போடுவதும் இல்லை. யாராவது கேட்ட கேள்வி பதிலில்லாமல் கிடந்தால் அதை மேலே எடுத்துப் போடுகிறேன். யாராவது வெளியேறினால் ஒரு வாரத்துக்குள் பேசிவிடுகிறேன், திரும்ப வரச் சொல்வதற்காக அல்ல, என்ன நடந்தது என்று கேட்பதற்காக.

அவர் திரும்பி வந்தார். வந்த வாரமே, கடைசியாக நான் எழுதியிருந்த கருத்துக்குக் கீழே, "அண்ணே, எனக்கு வேற மாதிரி படுது. அந்த நாலு பேரை வெச்சுத் தற்காப்பு நிக்காது" என்று எழுதினார். அதற்கு முதல் பதில் லோரி ஓட்டும் மாமாவிடமிருந்து வந்தது: "ஏன்னு சொல்லுங்க தங்கச்சி."