ஆய்வாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் சங்கத்தின் புது நிகழ்ச்சித் தலைவர் தன் கால அட்டவணையைக் காட்டினார். கலர் கலராக எக்செல். ஜனவரியில் கட்டுரைகள் வந்து சேரும், மார்ச் கடைசியில் முடிவு, ஆகஸ்டில் மாநாடு. 'அழைப்புக் கடிதங்கள்' என்ற வரி ஜூன் மாதத்தில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2023-ல் நான் போட்ட அட்டவணையும் அச்சு அசல் இதேதான்.

எங்கள் சங்கம் பன்னாட்டு மேலாண்மை ஆய்வாளர்களுக்கானது. கொரிய கம்பெனி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலை போட்டால் யார் பழக்கம் யாருக்கு ஒட்டிக்கொள்கிறது என்பது மாதிரியான கேள்விகள்தான் எங்கள் பிழைப்பு. மெயிலுக்குப் பதில் போடுங்கள், கணக்கைச் சுத்தமாக வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பேராசிரியர் ஆகும் வரை வந்தவருக்கு அது தெரியும்.

தலைவர் நாற்காலிக்காகக் காத்திருப்பது

இந்தத் துறையின் பெரிய அமைப்பான அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் 1936-ல் தொடங்கியது. அதன் பிரிவுகளில் தலைமை என்பது ஐந்து வருஷ ஏணி: முதல் வருஷம் பயிலரங்குகள், இரண்டாம் வருஷம் முக்கிய நிகழ்ச்சி, பிறகு அடுத்த தலைவர், தலைவர், முன்னாள் தலைவர். பல சங்கங்களில் இதே முறைதான். புதியவர்கள் நல்ல யோசனைகளை எல்லாம் நாலாவது வருஷத்துக்கு மூட்டை கட்டி வைக்கிறார்கள். நாலாவது வருஷத்தில் உரை நிகழ்த்தலாம், விருது கொடுக்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் யார் பேசுவது என்பது இரண்டாம் வருஷத்தில் முடிவாகிவிடுகிறது. அதிகாரம் அங்கேதான்.

விசாவை மறந்த அட்டவணை

2023 மாநாட்டுக்கு நிகழ்ச்சித் தலைவர் நான். அமெரிக்க நகரம் ஒன்றில் கூடினோம். விசா விண்ணப்பத்துக்காக அழைப்புக் கடிதம் கேட்டவர்களின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே வந்து, ஜூன் நடுவில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பினேன். தனித்தனியாக அனுப்பினால் வேலை இரட்டிக்கும் என்று கணக்கு.

அந்த வருஷத் தொடக்கத்தில் இந்தியாவின் சில அமெரிக்கத் தூதரகங்களில், முதல்முறை பி1/பி2 (வணிக, சுற்றுலாப் பயண) விசா நேர்காணலுக்கு 500 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளிநாடு போகிறவர்கள் பாங்காக் போன்ற இடங்களில் விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று தூதரகமே சொன்ன காலம். எங்கள் முடிவுக்கும் மாநாட்டுக்கும் நடுவே இருந்ததோ சுமார் 130 நாள். மார்ச்சிலேயே கடிதம் போயிருந்தாலும் பலருக்குப் போதாது. ஆனால் அவசர நேர்காணல் கேட்டு எழுதவாவது கையில் கடிதம் வேண்டுமே? அதைத்தான் நான் அடைகாத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை 8 மணி அமர்வு. வளரும் நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்வது பற்றியது. மேடையில் நாலு நாற்காலி, நாலு பெயர்ப்பலகை, நாலு தண்ணீர் பாட்டில். வந்தவர் ஒருவர்தான், டொராண்டோவிலிருந்து. டாக்கா, லாகோஸ், சென்னை மூன்றும் காலி. அவர் இருபது நிமிஷம் பேசி முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

கதை அதோடு முடியவில்லை. பேச வராதவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது எங்கள் விதி. அடுத்த வாரம் மூன்று பேருக்கும் மெயில் தானாகவே போனது, அடியில் என் பெயரோடு.

சென்னைப் பெண் பிஹெச்.டி மாணவி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாகத்தானே இருக்கிறது? எங்கள் படிவமோ குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்பா பெயரைப் போட்டார். கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். அதைத் திருத்தி அனுப்ப எனக்கு இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. (விசா கிடைத்து வந்த வேறொருவரின் பேட்ஜில் 'எஃப்என்யூ' என்று அச்சாகியிருந்தது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் வந்தால், முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு அமெரிக்க விசாவில் போடும் சுருக்கம் அது. மாநாடு முடியும் வரை அவர் டாக்டர் எஃப்என்யூ.)

இன்னும் எரிச்சல் தீரவில்லை என்றால், அது என் மேலேயே உள்ள எரிச்சல். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம், பிளாஸ்டிக் கவரில் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விடிகாலையில் அதே தூதரக வாசலில் நின்றவன் நான். கிரீன் கார்டு வந்ததும் அந்த வரிசை மறந்துபோயிற்று. பெயரிலேயே 'பன்னாட்டு' என்று வைத்துக்கொண்ட சங்கத்தை, விசா தேவைப்படாதவனின் காலண்டரை வைத்து நடத்தினேன்.

இப்போது நான் சொல்வது இதுதான். விசா வேண்டுமா, எந்த ஊரில் நேர்காணல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் என்ன: மூன்றையும் கட்டுரை அனுப்பும்போதே, ஜனவரியிலேயே கேளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். முடிவு சொன்ன இரண்டு நாளுக்குள் கடிதம் போக வேண்டும். விசா கிடைக்காதவரை 'வராதவர்' கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் வீடியோவில் பேசட்டும்.

ஊரை மாற்றினால் தீர்ந்தது என்கிறார்கள் சிலர். அகாடமி 2025-ல் கோபன்ஹேகனில் கூடியது. டென்மார்க் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதத்துக்கும் முன்னதாக விண்ணப்பிக்கவே முடியாது. முடிவு சாதாரணமாக 15 நாளில், இழுத்தால் 45 நாளில். தலைவலி அதேதான், நாள்கணக்குதான் வேறு.

'ஏன் இந்தியா?'

ஒஹையோ தொழிற்சாலைகளின் தரவை வைத்து எழுதினால் ஏன் ஒஹையோ என்று எவரும் கேட்பதில்லை. கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிகளை வைத்து எழுதிப் பாருங்கள், மதிப்பாய்வின் முதல் வரியே 'ஏன் இந்தியா?' என்று வரும். அடுத்த வரி, நாடுகளின் பண்பாட்டை எண்ணால் அளக்கும் ஹாஃப்ஸ்டீட் மதிப்பெண்களைச் சேர்க்கச் சொல்லும். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற ஒரே கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்த சர்வே அது. 1980-ல் புத்தகமாக வந்தது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. அதற்காக இன்றைய கோவைப் பட்டறைக்காரரின் மனதை அதில் தேடுவதா?

மதிப்பாய்வாளர் அப்படி எழுதுவார். அதை அப்படியே எழுதியவருக்குத் தள்ளிவிடுவதுதான் தலைமையின் தவறு. நான் மதிப்பாய்வாளருக்கே திருப்பி அனுப்பினேன்: 'அமெரிக்கக் கட்டுரையிலும் இதே கேள்வியைக் கேட்பீர்களா?' இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் திருத்தி எழுதினார்.

ஜூம் நேரம்

கோடையில் நியூயார்க் காலை 11 என்றால் சென்னையில் இரவு 8.30, டோக்கியோவில் நள்ளிரவு, சிட்னியில் அதிகாலை 1. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தூக்கம் கெடுகிறவர் மாறட்டும்.

பதிவுக் கட்டணம்

உலக வங்கியின் வருமானப் பிரிவைப் பார்த்து அடுக்கடுக்காக வையுங்கள். விவாதிக்க ஒன்றுமில்லை.

நண்பர்களையே மேடையேற்றுவது

வேண்டாம்.

பழைய கோப்புகள்

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு காகிதமும் விட்டுப்போகவில்லை. நானும் விட்டுப்போகவில்லை, அதனால்தான் அந்த எக்செலில் மறுபடியும் ஜூன். அன்று மாலையே என் 2023 கோப்பு முழுவதையும் புதியவருக்கு அனுப்பினேன், அந்த மூன்று எச்சரிக்கை மெயில்களையும் சேர்த்து. மறுநாள் அட்டவணை திரும்பி வந்தது. 'அழைப்புக் கடிதங்கள்' ஏப்ரல் 2-க்கு நகர்ந்திருந்தது. அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடித்திருந்தார்.