ஈரநிலமா, மேட்டு நிலமா? வடசென்னையில் மனை ஆய்வு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலி, அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் நிலம் வாங்குமுன் சதுப்பு நிலச் சிக்கல் உண்டா என்று பார்த்துச் சொல்லும் வேலைக்கு இப்போது நிறையப் புதியவர்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுகிறார்கள். சர்வே எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும்.

பட்டாவோடு நிறுத்திக்கொள்வது

பட்டா உரிமையைச் சொல்லும். நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதை, ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாட்டையும் குறிக்கும் ‘அ’ பதிவேடும் கிராம வரைபடமும்தான் சொல்லும். 1980-களின் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளுக்கு முந்தைய ஏட்டில் அதே எண் கழுவெளி (உவர்நீர்த் தாழ்நிலம்), ஓடை, தாங்கல் (சிறு ஏரி) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘நஞ்சை’ என்றதும் பதறுவது

நஞ்சை என்பது பெரும்பாலும் நெல் வயல்தான்; நெல் வயல் 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளுக்கு வெளியே. அடுத்தது.

சித்திரை வெயிலில் பார்த்துவிட்டு வருவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று என்று வாங்குபவர் அவசரப்படுத்துவார். ஆய்வு செய்பவரும் மே மாதத்தில் ஒரு காலைப்பொழுது போய், வெடித்த தரையைப் படமெடுத்து, ‘வறண்ட மேட்டு நிலம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் தாழ்நிலம் மே மாதத்தில் கட்டாந்தரையாகத்தான் கிடக்கும். நீர் நிரந்தரமாக நின்றாலும் தற்காலிகமாக நின்றாலும் விதிகளின்படி ஈரநிலமே.

எண்ணூரில் சாம்பலும் சேர்ந்து ஏமாற்றும். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருக்கிறது. மேலே காய்ந்து இறுகி, லாரியே ஏறலாம் போலத் தெரியும். அத்திப்பட்டுப் பக்கம் அப்படியொரு மனைக்கு ‘மேடு’ என்று எழுதிய அறிக்கையோடு, என்னிடம் வேலை பழகிய பையன் வந்து நின்றான். திரும்ப அழைத்துப் போய், மண் துளைப்பானை இறக்கச் சொன்னேன். முதல் ஒன்றரை அடி வெளிர் சாம்பல். அதன் கீழே கருஞ்சேறு, அழுகிய முட்டை வாடை, உடைந்த சிப்பி ஓடுகள். வேலியோரம் நின்ற, உவர்ச் சதுப்பில் வளரும் உமரிச் செடியை அவன் ஏதோ களை என்று நினைத்திருந்தான். சற்றுத் தள்ளி வலையை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டோம். மழைக்காலத்தில் அங்கேதான் இறால் தடவுவோம் என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல. வாங்குபவரின் முன்பணமோ அதற்குள் கைமாறியிருந்தது. உவர்ச் சதுப்பும் சேற்றுப் பரப்பும் அலையாத்தியும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கையில் மிகக் கடுமையான முதல் பிரிவில் வருகின்றன. அங்கே கட்டடம் எழுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

மழை முடிந்த கையோடு போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் டிசம்பரையும் மேயையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆற்றில் ஓதம் (கடலின் ஏற்றநீர்) எதுவரை ஏறுகிறது என்பதற்கு மட்டும் கோடைதான் பருவம்: மிக வறண்ட காலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு தெரியும் இடம்வரை என்கிறது அறிவிக்கை. இதைத்தான் நம்மவர்கள் மழை வெள்ளத்தில் போய் அளக்கிறார்கள்!

எண்ணெய்க் கறையை ஓத எல்லையாகக் கொள்வது

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது சுவர்களிலும் மரங்களிலும் படிந்த எண்ணெய்க் கறை, வெள்ளம் ஏறிய உயரம். ஓதம் வேறு.

வரைபடத்தில் இல்லை என்று நிம்மதியடைவது

இஸ்ரோ தயாரித்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றைத்தான் பரப்பாகக் காட்டுகிறது. சிறியவை வெறும் புள்ளிகள். மூன்று ஏக்கர் மனையை அதில் தேடிப் பயனில்லை.

உப்பளத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

உப்பு விளைக்கும் பாத்திகளுக்கு ஈரநில விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் ஓதம் ஏறும் பாத்தி கடலோர ஒழுங்குமுறையில் மாட்டிக்கொள்ளும். ஒன்றில் விலக்கு என்று கண்டதும் மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.