பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் முறை

தமிழ்நாட்டில் இருபது, முப்பது ஆண்டுப் பழமையான தனி வீட்டைக் குடும்பத்துக்காக வாங்குபவர்கள் பலர், முதலில் கிரயத்தை முடித்துவிடுவோம், மராமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியே பணநெருக்கடியில் சிக்குகிறார்கள். விலை, பதிவுச் செலவு, மராமத்துச் செலவு மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரே தொகையாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

50 லட்சம் ரூபாய் விலையுள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கடன் அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மேலும் நாலரை லட்சம் ஆகும். இதைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் கணக்கிட மாட்டார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் அதே வீட்டை 45 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால் கடன் 36 லட்சமாகக் குறைந்து, இன்னும் 4 லட்சத்துக்கு நீங்கள் வழி தேட நேரும். அனுமதி பெறாமல் கட்டிய மாடியை மதிப்பில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், வரைபட அனுமதியை முதலிலேயே கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்ற யோசனைக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்: அது சட்டமீறல் என்பதோடு, கடனும் குறையும், பிற்காலத்தில் விற்கும்போது கிடைக்கும் லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரியும் கூடும். மேலும், விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு.

மராமத்துச் செலவை ஊகத்தில் எழுதக் கூடாது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஒரு கட்டடப் பொறியாளருடன் சென்று வீட்டைப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர் எதையும் சொல்லாது. பரணுக்கு மேலே, குளியலறைக்குப் பின்புறச் சுவரில், படிக்கட்டின் அடியில் பெயின்ட் எட்டாத இடங்களில்தான் ஓதம் தெரியும். கூரையின் அடிப்பக்கம் நீளவாக்கில் விரிசல் விட்டு, காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால் அது பூச்சு வேலையோடு முடிகிற செலவன்று. கூரை, குழாய், வயரிங், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பொறியாளரிடம் எழுத்துமூலமாக மதிப்பீடு வாங்கி, அதன்மேல் 20 சதவீதம் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய சுவரை உடைத்த பிறகே தெரியவரும் சேதம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு.

இந்த மதிப்பீடு இருந்தால், வீட்டுக் கடன் கேட்கும்போதே அதே வங்கியில் வீடு புதுப்பிக்கும் கடனையும் சேர்த்துக் கேட்கலாம். 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,130 ரூபாய். அதே தொகையை அவசரத்துக்குத் தனிநபர் கடனாக 13 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு வாங்கினால் 18,200 ரூபாய். வீட்டுத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், மாதம் 8,000 ரூபாய் வித்தியாசம் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய பாரம். புதுப்பிக்கும் கடனை வேலை நடக்க நடக்கத் தவணைகளாக விடுவிப்பதே பெரும்பாலும் வழக்கம்; ஆகையால் வேலையைத் தொடங்கவும், வேலை முடியும்வரை வாடகை கொடுக்கவும் கையில் ரொக்கம் வேண்டும். அலமாரி, மாடுலர் கிச்சன் போன்றவற்றைச் சேமிப்பிலிருந்து பிறகு செய்துகொள்ளலாம்.

வில்லங்கச் சான்று (சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), பட்டா ஆகியவற்றை வக்கீலிடம் காட்டி எழுத்துமூலமாகக் கருத்துப் பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள். வங்கி கடன் தர மறுத்தால் முன்பணத்தை முழுவதும் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து விற்பனை ஒப்பந்தத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

வரிச் சலுகையை நம்பிக் கடன் தொகையை ஏற்றாதீர்கள். குடியிருக்கும் வீட்டை வாங்கிய கடனின் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதுப்பிக்கும் கடனின் வட்டிக்கு அந்த 2 லட்சத்துக்குள்ளேயே 30,000 ரூபாய்தான். புதிய முறையில் இரண்டுமே கிடையாது.

தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை என்பதால், போனஸ் வரும்போதெல்லாம் அசலைக் குறையுங்கள். கடன் முழுதும் அடைந்தபின் 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.