மிரளும் நாய்க்கு அமைதியான வீடு தேடுவது எப்படி?

தெருவிலிருந்து மீட்ட நாய் உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்களிடம் ஒட்டிக்கொண்டு, காலடியிலேயே தூங்குகிறது. ஆனால் கூரியர்காரர் கேட்டைத் திறந்தாலோ, தெருமுனையில் இன்னொரு நாய் தெரிந்தாலோ, மாடிப்படியில் பிள்ளைகள் தடதடவென்று இறங்கினாலோ கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது, மூச்சு வாங்கக் குரைக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட நாயை ‘ரியாக்டிவ்’ என்பார்கள். பார்ப்பவர்களுக்குக் கோபமாகத் தெரியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் குட்டிகள் மனிதர்களையும் சத்தங்களையும் இயல்பாகப் பழகிக்கொள்ளும் காலம். அப்போது கல்லடியும் வண்டி ஹாரனுமே கண்ட குட்டி, வளர்ந்த பிறகு புதிதாக எது வந்தாலும் ஆபத்து என்றே நினைக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடோ, ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும் அடுக்குமாடியோ இந்த நாய்க்கு ஒத்துவராது. வேறு வீடு தேடுவதில் தவறே இல்லை. சென்னையில் மீட்பு நாய்களைத் தற்காலிகமாக வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: கொடுத்த நாய் திரும்பி வருவதற்கு அதன் குணத்தைவிடப் பெரிய காரணம், அந்தக் குணத்தை யாரும் முன்கூட்டியே சொல்லாததுதான். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பயம் கூடுகிறது, அடுத்த வீடு கிடைப்பது கடினமாகிறது. ஆகவே முழுவதையும் சொல்லுங்கள், மெதுவாகக் கொடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. முதலில் கால்நடை மருத்துவர்

காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் என்று எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். தொட்டால் கடிக்கிறது என்று நாம் நினைப்பது சில சமயம் வலியாகவே இருக்கும். எனவே ரத்தப் பரிசோதனையோடு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. ரேபிஸ் ஊசி, மற்ற தடுப்பூசிகள், கருத்தடை, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்து, சான்றுகள் ஒரு ஃபைலில் இருக்கட்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் எடுக்க வேண்டும்.

பயம் மிக அதிகமாக இருந்தால் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தரக்கூடும். அவர் சொல்லாமல் மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இரண்டு மூன்று வாரம் தினமும் எழுதுங்கள். எதைப் பார்த்து மிரண்டது, அது எவ்வளவு தூரத்தில் இருந்தது, அடங்க எத்தனை நிமிடம் ஆனது. குரைப்பதற்கு முன்பே அறிகுறிகள் வந்துவிடும்: உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், வாலை இடுக்கிக்கொள்ளும், அப்படியே விறைத்து நிற்கும். விறைத்து நிற்பதை ‘சமர்த்தாக இருக்கிறது’ என்று பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கடிக்கு முந்தைய கடைசி எச்சரிக்கையே பல நாய்களுக்கு அதுதான்.

காலையில் இடி, மதியம் கேஸ் சிலிண்டர்காரர், மாலையில் தெருவில் நாய்ச்சண்டை என்று ஒரே நாளில் சேர்ந்தால், வழக்கமாகத் தாங்கும் விஷயத்துக்கும் இரவில் பாயும். நோட்டில் எழுதினால்தான் இந்தத் தொடர்ச்சி பிடிபடும்.

கடித்திருந்தால் அதையும் அளந்து எழுதுங்கள். இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு நிலைகள் இதற்கு உதவும். முதல் நிலையில் பல் தோலில் படாது, வெறும் மிரட்டல். இரண்டில் பல் படும், துளை விழாது. மூன்றில் ஒரே கடியில் ஒன்றிலிருந்து நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்தைவிட ஆழம் குறைவு. நான்கில் அதைவிட ஆழம். ஐந்தில் பல ஆழமான கடிகள், ஆறில் உயிரிழப்பு. முதல் இரண்டு நிலைகளில் உள்ள நாயைப் பழக்கிச் சரியான வீட்டுக்குக் கொடுக்க முடியும். மூன்று என்றால் அனுபவமுள்ளவர் கையில்தான் தர வேண்டும். நான்கும் அதற்கு மேலும் என்றால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தத்துக் கொடுக்க முயலாதீர்கள். மருத்துவரோடும் நாய் நடத்தை தெரிந்த பயிற்சியாளரோடும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நாயை 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள்.

3. வீடு தேடும் நேரத்தில் இரண்டு பழக்கங்கள்

ஒன்று, தூரம். மற்ற நாய் கண்ணில் பட்டும் உங்கள் நாய் இன்னும் குரைக்காத தூரம் எது என்று நோட்டில் இருக்கும். அங்கே நின்று, அந்த நாய் தெரிகிற வரை வேகவைத்த சிக்கனைச் சின்னத் துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், மறைந்ததும் நிறுத்துங்கள். நாள்பட நாள்பட, ‘அது வந்தால் எனக்கு நல்லது நடக்கிறது’ என்று நாய் புரிந்துகொள்ளும். குரைத்துவிட்டால் திட்டாதீர்கள், இன்னும் தள்ளிப் போங்கள்.

இரண்டு, கூடை வடிவ மஸில், அதாவது கடிக்க முடியாதபடி நாயின் வாயில் மாட்டும் கவசம். வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி மஸில் நம் ஊர் வெயிலுக்கு ஆபத்து. உள்ளே உணவைத் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்படி நாலைந்து நாள் விளையாட்டாகப் பழக்குங்கள்.

4. அமைதியான வீடு என்றால் எது?

ஊருக்கு வெளியே தோட்டம், பெரிய காம்பவுண்ட், பக்கத்தில் வீடே இல்லை என்று ஒருவர் போன் செய்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே நாய் எங்கே தூங்கும் என்று கேளுங்கள். ‘கேட்டுப் பக்கத்துல கட்டிப்போடுவோம், காவலுக்குத்தானே’ என்றால் அது இந்த நாய்க்கான வீடு இல்லை. சங்கிலியில் கட்டிய பயந்த நாயால் ஓட முடியாது. ஓட முடியாதபோது அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி கடிப்பது. இரவு முழுக்கத் தனியாகக் கிடந்து, வருகிற போகிற எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து ஒரே வருடத்தில் இன்னும் மோசமாகும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மாறாக, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தாத்தா பாட்டி இருவர் மட்டும் வாழும் சின்னத் தனி வீடு அருமையாக அமையலாம். காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு, மதியம் தூங்கும் வீடு. அடுத்து என்ன நடக்கும் என்று நாய்க்குத் தெரிந்துவிடும், அதுவே பாதி மருந்து. ஆனால் கயிற்றை இழுக்கும் நாயை அவர்களால் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். விழுந்தால் எலும்பு முறியும் வயது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவர், தரைத் தளம், தனி வாசல் என்பதும் நல்ல பொருத்தம். நான்காம் மாடி என்றால் தினமும் லிஃப்டுக்குள் முன்பின் தெரியாதவர்களோடு நிற்க வேண்டும். மொட்டை மாடியில் விட்டுவிடுவோம் என்பவர்களுக்கும் தயங்காமல் மறுப்புச் சொல்லுங்கள்.

தெருவையும் பாருங்கள். ஆடி மாதம் ஒலிபெருக்கி வைக்கும் அம்மன் கோயில் பக்கத்துச் சந்திலா? கல்யாண மண்டபம் எதிரிலா? சவ ஊர்வலம் பறையும் வெடியுமாகப் போகும் வழியா? ஞாயிறு காலை மட்டும் போய்ப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வேலை நாள் மாலை ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள்.

5. விளம்பரம்

படத்துக்குக் கீழே ‘ரொம்ப சமத்து, எல்லாரிடமும் பழகும்’ என்று போட்டால் நூறு பேர் கேட்பார்கள். அவர்களில் யாரும் இந்த நாய்க்கானவர் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“சிட்டு. பெண், நாட்டு நாய், வயது ஏறக்குறைய மூன்று. கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் ஆகிவிட்டது. பழகியவர்களிடம் உயிராக இருப்பாள், வீட்டுக்குள் அசுத்தம் செய்ய மாட்டாள். வேறு நாயைப் பார்த்தால் பாய்ந்து குரைப்பாள். புது ஆட்களிடம் நெருங்க நாளாகும். பட்டாசுக்கு நடுங்குவாள். தூக்கத்தில் தொட்ட விருந்தாளியின் கையை ஒருமுறை பல்லால் பிடித்தாள், தோல் கிழியவில்லை. குழந்தைகளோ வேறு பிராணிகளோ இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த வீடு வேண்டும். காவலுக்குக் கட்டிப்போடத் தர மாட்டோம்.”

இதைப் படித்தும் அழைப்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். வாரக்கணக்கில் யாருமே அழைக்காமலும் போகலாம். வாசகத்தை இனிப்பாக்காதீர்கள்.

6. போனில் கேட்க வேண்டியவை

வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் அம்மாவிடமோ மனைவியிடமோ நேரடியாகப் பேசுங்கள். சோறு வைக்கப்போவது அனேகமாக அவர்கள்தான். வாடகை வீடு என்றால் ஓனருக்குத் தெரியுமா? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் அக்கம்பக்கத்தோடு தினமும் சண்டை நடக்கும் இடத்தில் இந்த நாய் நிம்மதியாக இருக்காது. ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பேரக்குழந்தைகள் கோடை விடுமுறைக்கு வருவார்களா?

எனக்கு மிகவும் உதவும் கேள்வி இது: “அண்ணா, ராத்திரி பத்து மணிக்கு விடாம குரைச்சா என்ன பண்ணுவீங்க?” ‘ரெண்டு தட்டு தட்டினா அடங்கிடும்’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லி முடித்துவிடுங்கள். ‘தெரியலைங்க, நீங்கதான் சொல்லணும்’ என்பவரிடம் தொடர்ந்து பேசலாம்.

7. சந்திப்பு

முதல் சந்திப்பு வெளியே, ஆளில்லாத தெருவில். நாய்க்கு மஸில் போட்டிருக்கட்டும். நீங்கள் நாயோடு நடங்கள், அவர் பத்தடி தள்ளி அதே திசையில் நடக்கட்டும். நாயை உற்றுப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகக் கூடாது. அவ்வப்போது ஒரு துண்டு சிக்கனைத் தரையில் போட்டால் போதும். நாயாக வந்து முகர்ந்தால் முகரட்டும். அதற்குமேல் அன்று வேண்டாம். அடுத்த சந்திப்பு உங்கள் வீட்டில், அதற்கடுத்தது அவர் வீட்டில். குறைந்தது மூன்று சந்திப்பாவது நடக்கட்டும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுறோமே’ என்று கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

8. எழுத்தில்

வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் ஒரு மாதம் சோதனைக் காலம்; ஒத்துவராவிட்டால் நாயை உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றவோ எங்காவது விட்டுவிடவோ கூடாது. கடித்த விவரம் உட்பட எல்லாம் தன்னிடம் சொல்லப்பட்டது என்று புதியவர் ஒப்புக்கொள்ளும் வரியும் இருக்கட்டும். வளர்க்கும் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். தன்னிடமுள்ள விலங்கால் மனிதர்களுக்கு ஆபத்து வராமல் கவனிக்கத் தவறினால் இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு பாயும்.

9. கொடுக்கும் நாளும் அதன் பிறகும்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்று அனுமதி இருந்தாலும், சத்தம் நாலு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. புது வீட்டில் வெடிச்சத்தம் கேட்ட நாய் சுவரேறி ஓடினால் திரும்பி வர வழி தெரியாது.

நாய் படுத்த பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். சாப்பாடும் அதேதான், முதல் வாரம் மாற்றம் வேண்டாம். கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் இன்னொரு கயிறு. ஒன்று நழுவினாலும் மற்றொன்று பிடிக்கும். போன் எண் பொறித்த வில்லை அவசியம்.

புதியவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். முதல் மூன்று நாள் நாய் சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம். குளிப்பாட்டவோ, உறவினரை அழைத்துக் காட்டவோ கூடாது. ஒரு அறை, ஒரு தட்டு, சத்தமில்லாமல் கூடவே உட்கார்ந்திருக்கும் ஒருவர் போதும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபடும். அப்போதுதான் உண்மையான குணமும் வெளியே வரும், குரைப்பும் கூடலாம். அந்த வாரத்தில்தான் புதியவர்கள் பயந்து போன் செய்வார்கள். இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வார்கள். ஓரளவு நிலைபெற மூன்று மாதம் ஆகும். சில நாய்களுக்கு இன்னும் நாளாகும்.

முதல் வாரம் தினமும் பேசுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எங்கே தூங்கியது, யாரைப் பார்த்துக் குரைத்தது என்று கேளுங்கள்.

திருப்பித் தருகிறோம் என்று சொன்னால் கோபப்படாமல் போய் அழைத்து வாருங்கள். திட்டினால் அடுத்தவர் உங்களிடம் சொல்லாமலே தெருவில் விட்டுவிடுவார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு நோட்டில் சேருங்கள். சில வாரம் ஓய்வு கொடுத்த பிறகு, புதிதாகத் தெரிந்ததையும் சேர்த்து விளம்பரத்தைத் திருத்திப் போடுங்கள்.