பழைய ஜெயங்களை இன்றைய போராட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி

சோர்ந்துபோயிருக்கிறவரிடம் "கர்த்தர் இதுவரை செய்ததை நினைத்துப் பாருங்கள்" என்று சொன்னால், பல நேரம் அவர் மனதில் ஒன்றுமே எழாது. அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணிவிடக் கூடாது. மனம் பாரமாயிருக்கும்போது தோல்விகள்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் இந்த வேலையை மனம் தெளிவாயிருக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நினைவில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மாற்கு 8-ஆம் அதிகாரம் சாட்சி. படகில் ஒரே ஒரு அப்பம்தான் இருக்கிறது, சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது மீதி எத்தனை கூடை என்று இயேசு கேட்கிறார், பன்னிரண்டு என்கிறார்கள். நாலாயிரம் பேருக்கு? ஏழு. இரண்டு பதிலும் சரி. ஆனாலும் கவலை போகவில்லை. கணக்கு தெரிந்திருந்தது, அந்தக் கணக்கு தங்களோடு படகில் இருக்கிறவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆகவே நமக்கு வேலை இரண்டு: நடந்ததைச் சரியாகக் குறித்து வைப்பது, அதிலிருந்து இன்றைக்கான முடிவுக்கு வருவது.

குறித்து வைப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம். முதல் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஐந்து சம்பவங்களுக்கு மேல் போகாமல் எழுதுங்கள். ஒரேயடியாக வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே கை ஓய்ந்துவிடும். தேதி மறந்திருந்தால் வேதாகமத்தின் ஓரத்தில் நீங்கள் போட்ட குறிப்புகள், பழைய ஜெபக்குறிப்புகள், ஜெபிக்கச் சொல்லி அனுப்பிய செய்திகள் ஆகியவற்றைப் புரட்டுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் எது போராட்டமாக இருந்தது, அப்போது எந்த வசனத்தைப் பற்றிக்கொண்டீர்கள், யார் உங்களோடு ஜெபித்தார்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், முடிவில் என்ன நடந்தது என்பவை இருக்கட்டும். காத்திருந்த காலத்தை விட்டுவிடாதீர்கள். எட்டு மாதம் பதிலில்லாமல் ஜெபித்ததை எழுதாமல், பதில் வந்த நாளை மட்டும் எழுதினால், அடுத்த முறை எட்டாவது நாளிலேயே மனம் உடைந்துபோகும்.

வேலை கிடைத்தது, நோய் குணமானது ஆகியவற்றையும் எழுதலாம். ஆனால் ஆவிக்குரிய ஜெயம் என்பது அதைவிட ஆழமானது. மன்னிக்கவே முடியாது என்றிருந்தவரை மன்னித்தது, ஒரு கெட்ட பழக்கத்துக்கு ஒரு நாள் "வேண்டாம்" என்று சொன்னது, பொய் சொன்னால் தப்பலாம் என்ற இடத்தில் உண்மை பேசியது, ஜெபம் வறண்டுபோன மாதங்களிலும் முழங்கால்படியிடுவதை விடாதது: இப்படிப்பட்டவைதான் பின்னாளில் அதிகம் கைகொடுக்கும். வெளியே ஒன்றும் மாறாதபோதும் கிருபை வேலை செய்தது என்பதற்கு இவை அத்தாட்சி.

முடிவுக்கு வருவது

2 கொரிந்தியர் 1:10-இல் பவுல் ஒரே வினையை மூன்று காலத்திலும் வைக்கிறார்: தப்புவித்தார், தப்புவிக்கிறார், தப்புவிப்பார். பக்கத்தின் அடியில் இதேபோல மூன்று வரி எழுதுங்கள். உதாரணமாக: "அந்த ஆண்டு என் கசப்பிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார். இன்று இந்தப் புதிய மனக்காயத்திலும் என்னைத் தாங்குகிறார். இதிலிருந்தும் விடுவிப்பார்." மூன்றிலும் செய்கிறவர் கர்த்தர். சிங்கத்தையும் கரடியையும் தான் அடித்துக் கொன்றதைத் தாவீது மறைக்கவில்லை. ஆனால் கோலியாத்தைப் பற்றிய முடிவுக்கு வரும்போது, தன்னைத் தப்புவித்த கர்த்தர் இப்போதும் தப்புவிப்பார் என்கிறான் (1 சாமுவேல் 17:34-37). உங்கள் பக்கத்தைத் திரும்பப் படிக்கும்போது "நான் உறுதியாக இருந்தேன்" என்பதிலேயே அது முடிந்துவிட்டால், கடைசி மூன்று வரியைத் திருத்தி எழுதுங்கள். நம் உறுதியில் நிற்கும் ஊக்கம், அந்த உறுதி தளர்ந்த அன்றே விழுந்துவிடும்.

எங்கே தவறிப்போகிறது

பழைய ஜெயத்தின் வழிமுறையை அப்படியே திரும்பச் செய்வது மிகச் சாதாரணமான தவறு. அன்று மூன்று நாள் உபவாசித்தேன், பதில் வந்தது; ஆகவே இன்றும் மூன்று நாள் என்று கணக்குப் போடுகிறோம். ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தரைத் தாவீது ஒருமுறை வென்றான். அவர்கள் திரும்ப அதே பள்ளத்தாக்குக்கு வந்தபோது மறுபடியும் கர்த்தரிடத்தில் விசாரித்தான். இந்த முறை நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ என்ற கட்டளை வந்தது (2 சாமுவேல் 5:17-25). எதிரியும் இடமும் அதேதான், வழிதான் வேறு. பழைய ஜெயம் கேட்பதற்குத் தைரியம் தரும். கேட்காமலே இருக்க அனுமதி தராது. எரிகோவில் வென்ற கையோடு, ஆயி பட்டணத்துக்கு இரண்டு மூவாயிரம் பேர் போதும் என்று போன இஸ்ரவேலர் 36 பேரை இழந்து திரும்பினார்கள். பாளயத்தில் மறைந்திருந்த பாவம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

இன்னொன்று, வென்ற இடத்திலேயே மறுபடி விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடத் தோன்றும். கிழிக்காதீர்கள். விழுந்ததையும் தேதியோடு அதன் கீழே எழுதி, அறிக்கையிட்டு, மேலே தொடருங்கள். எபெனேசர் (உதவியின் கல்) என்ற பெயரை முதலில் 1 சாமுவேல் 4-இல், படுதோல்வியின் கதையில் பார்க்கிறோம். இஸ்ரவேலர் அங்கே பாளயமிறங்கி, முதலில் 4,000 பேரையும் பிறகு 30,000 பேரையும் இழந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் பிடிபட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி சாமுவேல் நிறுத்திய ஜெயக்கல்லுக்கும் அதே பெயர்தான். தோல்வியின் நினைவு ஒட்டியிருந்த பெயரையே அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

களைப்பைச் சோர்வான விசுவாசம் என்று தவறாக எடைபோடுவதும் உண்டு. கர்மேல் மலையில் கிடைத்த பெரிய ஜெயத்துக்குப் பிறகு சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கமும் அப்பமும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு தடவை. சரியாகத் தூங்காமல் நோட்டைத் திறந்தால் அது உங்களைக் குற்றப்படுத்தும். சாக வேண்டும் என்ற எண்ணமோ, வாரக்கணக்கில் நீங்காத இருளோ இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடமும் போதகரிடமும் சொல்லுங்கள்.

எழுத ஒன்றுமே இல்லை என்கிறவர்களுக்கு 77-ஆம் சங்கீதம். "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ" என்பதுவரை கேள்விமேல் கேள்வியாக அழுத ஆசாப், பிறகு நினைவுகூருவது தன் சொந்த அனுபவத்தை அல்ல; தான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னே பிளந்த கடலை. அதுவே தன் ஜனத்தின் ஜெயம் என்று எடுத்துக்கொள்கிறார். நீங்களும் முதல் பக்கத்தில் சிலுவையையும் திறந்த கல்லறையையும் எழுதி, அதன் அடியில் அந்த மூன்று வரியை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் இன்றைய தேதியையும் இன்றைய போராட்டத்தையும் மட்டும் குறித்து, மீதியைக் காலியாக விட்டுவையுங்கள்.